ஏழாவது தெருவின் முறை

அழகேசனுக்கு வரிசையில் கடைசி ஆளாக நிற்பதில் ஒரு தனி நிம்மதி உண்டு. ரேஷன் கடையில் நின்றால் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிடுவார். கல்யாண வீட்டில் மூன்றாவது பந்திக்கு முன்னால் உட்காரமாட்டார். அதற்குள் வடை தீர்ந்திருக்கும், பாயசம் அடிப்பிடித்திருக்கும், அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் அவர் மனைவி ராஜகுமாரியும் பசியோடு நின்றுகொண்டிருப்பாள் என்பதுதான் யாரும் கவனிக்காத சங்கதி. ஊர் அவரைத் தங்கமான மனுஷன் என்றது. அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கிறது என்று ராஜகுமாரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பாள்.

அவர் பிறக்கும்போதே அப்படி இல்லை. விருதுநகர் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் ஆவடிக்கு வந்து, ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் பிளானிங் செக்‌ஷனில் சேர்ந்தவர். எந்த மாதம் எந்த உதிரிப் பாகம் எந்தப் பட்டறையிலிருந்து வெளியே வரவேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு சார்ட் போடுவது அவர் வேலை. சுவர் நீளத்துக்குக் கட்டம் கட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறத்தில் பட்டை தீட்டி, இன்றைய தேதி எது என்று காட்ட மேலிருந்து கீழாக ஒரு சிவப்பு நூலைக் குண்டூசியில் கட்டித் தொங்கவிடுவார். திங்கட்கிழமை காலையில் நூலை ஒரு கட்டம் நகர்த்துவார். நூலுக்கு இடது பக்கம் முடியாத வேலை எதுவும் நிற்கக்கூடாது. நின்றால் அன்று அவருக்கு டீ இறங்காது. முப்பத்தாறு வருஷம் இதைச் செய்தார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவரைக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கமிட்டியில் போட்டார்கள். அப்போது ராஜகுமாரிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது. பட்டியலில் அவர் பெயர் நான்காவது. முதல் மூன்று பேரும் கீழ்த்தளத்தில் கொசு, எங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி வீடு அவருக்கு வந்தது. பத்தாம் நாள் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. விசாரணை ஏழு மாதம். கடைசியில் தவறு எதுவும் இல்லை என்று காகிதம் கொடுத்தார்கள். காகிதம் என்ன செய்யும்? அந்த ஏழு மாதமும் கேன்டீனில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் பின்னால் ஒரு சிரிப்பு கேட்கும். "கமிட்டில உக்காந்துட்டு தனக்கே எடுத்துக்கிட்டான்பா." அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள் குடிவந்து, அப்புறம் காலி செய்யவே இல்லை.

விசாரணை முடிந்த மறுநாள் அவராகவே போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ராஜகுமாரியிடம் கேட்காமல் கொடுத்தார். காலியாக இருந்த வேறொரு வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ராஜகுமாரி பதினாலு வருஷம் அந்தப் படிகளை ஏறி இறங்கினாள், மோட்டார் ஓடாத நாளில் இடுப்பில் குடத்தோடு. அவர் நெஞ்சு நிமிர்ந்து நடந்தது அவள் முழங்காலில். இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன்.

பிள்ளை இல்லை. ஓய்வு பெற்ற பணத்தில் செங்கழுநீர் நகரில், ஏழாவது தெருவில், ஒரு வீடு வாங்கினார்கள். அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. அந்த நகரில் மொத்தமே ஏழு தெரு. மெயின் ரோட்டை ஒட்டிய முதல் தெரு மேடு, அங்கிருந்து தெருத் தெருவாகச் சரிந்துகொண்டே வந்து, ஏழாவது தெரு ஏரியின் உபரிநீர்க் கால்வாயில் போய் முடியும். பள்ளம் என்பதால் விலை குறைவு. தரைத்தளத்தில் ரெண்டு அறை, மாடியில் ஒற்றை அறை. "இனிமே படி ஏற வேண்டாம் குமாரி" என்றார் அழகேசன். அவள் அன்றைக்குச் சிரித்தாள்.

மூன்று வருஷத்தில் அவள் சிறுநீரகம் ரெண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு உத்தமனின் ஆட்டோ வாசலில் வந்து நிற்கும். திருமுல்லைவாயில் பக்கம் போய் நாலு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டு வரவேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். முதல் நாளே டாக்டர் அழகேசனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தடவகூட விட்டுடாதீங்க. இதயமும் வீக்கா இருக்கு. உடம்புல சேர்ற தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும். அப்புறம் நம்ம கையில இல்ல" என்றார். அழகேசன் வீட்டுக்கு வந்து அதற்கும் ஒரு சார்ட் போட்டார். ரெண்டு வருஷமாக அதில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. மழைக்காலத்தில் ஏழாவது தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கும். உத்தமன் எப்படியோ வண்டியை உள்ளே கொண்டுவந்துவிடுவான்.

இந்த நிலையில்தான் வார்டு கமிட்டி வந்தது. கவுன்சிலர் கஸ்தூரி தலைவர், தெருக்காரர்கள் பத்துப் பேர் உறுப்பினர்கள். வருஷத்துக்கான வேலைத் திட்டத்தை இந்தக் கமிட்டி உட்கார்ந்து போட்டுக் கொடுக்கவேண்டும். அதுவரை வார்டில் திட்டம் என்றால் யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் தெருவில் வேலை நடக்கும், அவ்வளவுதான். கஸ்தூரிக்கு அது பிடிக்கவில்லை. நல்ல பெண். வீட்டுக்கே வந்து, "சார், நீங்க ஃபேக்டரில பிளானிங்ல இருந்தவராமே. எங்களுக்கு ஒழுங்கா ஒரு வருஷ பிளான் போட்டுக் குடுங்க. எல்லாரும் உங்க பேச்சக் கேப்பாங்க" என்றாள். ஏழு தெருவுக்கும் மழைநீர் வடிகால் கட்ட அந்த வருஷம் அனுமதி கிடைத்திருந்தது.

அழகேசனுக்குப் பத்து வயது குறைந்துபோனது. மார்ச் மாதம் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் சார்ட் தாளை விரித்துப் பென்சிலில் கட்டம் போட்டார். ராஜகுமாரி எதிரே உட்கார்ந்து அடிக்கோலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தெருவுக்கு ஒரு மாதம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு தெரு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை, தெருவைத் தோண்டக்கூடாது. ஏழாவதாக வருகிற தெரு ஜனவரிக்குப் போகும். தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் ஆரம்பித்து மேலே போகவேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்லை. ஏப்ரல் கட்டத்தில் 'ஏழாவது தெரு' என்று எழுதினார். முதல் தெருவை ஜனவரியில் போட்டார். அது மேடு, எந்த மழையிலும் அங்கே தண்ணீர் நின்றதில்லை.

"அப்போ இந்த மழைக்கு ஆட்டோ வாசலுக்கே வரும்" என்றாள் ராஜகுமாரி.

"வரும்" என்றார். தாளைச் சுருட்டி ரெக்ஸின் பைக்குள் வைத்தார்.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டில் சமோசா, பத்துப் பேரும் வந்திருந்தார்கள். ஜேஇ என்கிற இளநிலைப் பொறியாளர் வந்து வரைபடத்தை விரித்தார்.

"வடிகால்னா கீழேர்ந்துதான் மேல போகணும் சார். ஏழாவது தெருவுல இப்போ இருக்கறது ஒன்றரை அடி பழைய கால்வா, பாதி மண்ணு. அத முதல்ல அகலமா கட்டிட்டு, அப்புறம் ஆறு, அஞ்சுன்னு ஏறணும். மேல முதல்ல கட்டினா, அங்கங்க நின்னு மெதுவா வர்ற தண்ணியெல்லாம் ஒரே மூச்சுல ஏழாவதுல வந்து இறங்கிடும்."

அழகேசன் தலையை ஆட்டிக்கொண்டே பைக்குள் கையை விட்டார். விரல் சார்ட் தாளைத் தொட்டுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரி மனதார, வாய் நிறையச் சொன்னாள்.

"அதுவும் நல்லதாப் போச்சு. சாரோட வீட்டம்மாவுக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ். ஆட்டோ வாசல் வரைக்கும் போகணும். சார் நமக்காக இவ்ளோ செய்யறாரு, அவருக்காக அவர் தெருவ முதல்ல போட்டுக் குடுக்கறதுல என்ன இருக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரெண்டாவது தெருப் பாண்டியன், கையில் போனை வைத்திருந்தான். போனைப் பார்த்துச் சிரித்தானோ, பேச்சைக் கேட்டுச் சிரித்தானோ, அழகேசனுக்கு இன்றுவரை தெரியாது. அவர் காதுக்கு அது கேன்டீன் சிரிப்பு. பைக்குள்ளிருந்து வெறும் கை வெளியே வந்தது.

"என் தெரு கடைசி" என்றார்.

"சார், ஜேஇ சொல்றாரே..."

"என் வீட்டுக் கஷ்டத்துக்காகக் கமிட்டி இல்ல மேடம். முதல் தெருவுல ஆரம்பிச்சு வரிசையா வரட்டும். என் தெரு ஜனவரில."

அடுக்குமாடியில் குடியிருக்கும் அகல்யா, ஐடி கம்பெனியில் வேலை செய்பவள், கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பை லேப்டாப்பில் அடிப்பவள், நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், இது உங்க வீட்டு விஷயம் இல்ல. தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் கேள்வி. ஏழாவது தெருவுல உங்க வீடு மட்டுமா இருக்கு?"

"பழைய கால்வா ஒரு மழை தாங்கும்மா" என்றார் அழகேசன். தாங்காது என்று அவருக்குத் தெரியும். முந்தின நாள்தான் கணக்குப் போட்டிருந்தார்.

பொறியாளருக்கு அடுத்த வார்டில் இன்னொரு கூட்டம் இருந்தது. "கமிட்டி தீர்மானம்னா சரி, எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று வரைபடத்தை மடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இப்படி ஒரு மனுஷனா என்று கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. வருகைப் பதிவேடு வந்தபோது மற்றவர்களுக்கு வரி விட்டு, எல்லோருக்கும் கீழே அழகேசன் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் ராஜகுமாரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம தெரு ஏப்ரல்லதானே?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கஸ்தூரி பேசியது, பாண்டியன் சிரித்தது, தான் எழுந்து சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். ராஜகுமாரி கொஞ்ச நேரம் கையிலிருந்த ஊசித் தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மாடி மாதிரி" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது அழகேசன் பதில் சொல்லியிருப்பார். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

ஏப்ரலில் முதல் தெருவில் வேலை தொடங்கியது. சமுதாயக் கூடத்துச் சுவரில் புது சார்ட் தொங்கியது, சிவப்பு நூலோடு. தினமும் காலையில் குடையை எடுத்துக்கொண்டு போய் நின்றுவிடுவார். கம்பி சரியாகக் கட்டினார்களா, கலவையில் சிமென்ட் இருக்கிறதா, பலகையைச் சீக்கிரம் பிரித்துவிட்டார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கான்ட்ராக்டர் அவரைக் கண்டால் பல்லைக் கடிப்பார். ஆனாலும் வேலை நடந்தது. மே ரெண்டாவது தெரு, ஜூன் மூன்றாவது. திங்கட்கிழமை தோறும் நூல் நகர்ந்தது, நூலுக்கு இடது பக்கம் சுத்தமாக இருந்தது. ஓய்வு பெற்றபின் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாவது தெரு பதினைந்து நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. செப்டம்பர் நடுவில் கஸ்தூரி போன் செய்தாள்.

"சார், ஆளுங்க சும்மாதான் நிக்கறாங்க. மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. உங்க தெருவ ஆரம்பிச்சுடலாமா? ஜேஇயும் ஓகேன்னுட்டாரு."

அழகேசன் அப்போது டீக்கடையில் நின்றிருந்தார். பக்கத்து பெஞ்சில் ரெண்டு பேர் அவருக்குத் தெரியாதவர்கள், என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் 'கமிட்டி' என்ற சொல் அவர் காதில் விழுந்தது. அது எந்தக் கமிட்டியோ!

"வேண்டாம் மேடம். தோண்டிப் போட்டு மழை வந்துட்டா தெருவே குழியா நிக்கும். பிளான்ல ஜனவரின்னு இருக்கு. ஜனவரிலயே செய்வோம்."

நியாயமான காரணம்தான். அவரிடம் எப்போதும் நியாயமான காரணம் ஒன்று இருக்கும். ஆட்களைக் கான்ட்ராக்டர் பூந்தமல்லிப் பக்கம் வேறு வேலைக்குக் கூட்டிப்போய்விட்டார். ராஜகுமாரியிடம் அந்தப் போனைப் பற்றி அவர் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் வாரம் வெள்ளிக்கிழமை மதியம் பிடித்த மழை நிற்கவில்லை. மற்ற வருஷங்களில் ரெண்டாவது முதல் ஆறாவது தெரு வரை முழங்காலுக்குத் தண்ணீர் தேங்கி, ரெண்டு நாள் கழித்துத்தான் மெல்ல வடியும். இந்த வருஷம் புது வடிகால்கள் மடமடவென்று உறிஞ்சிக் கீழே அனுப்பின. அழகேசன் கூடவே நின்று பார்த்துக் கட்டிய வடிகால்கள், ஓர் இடத்தில்கூட அடைப்பு இல்லை. ஆறு தெருத் தண்ணீரும் ஏழாவது தெருவின் ஒன்றரை அடிக் கால்வாயைத் தாண்டி, தெருவில் ஏறி, வாசல்படி ஏறி, சனிக்கிழமை விடிந்தபோது வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு நின்றது. அதற்கு முன்பே ராஜகுமாரியைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றி மாடி அறைக்குக் கொண்டுபோயிருந்தார்.

ஆறு மணிக்கு உத்தமன் நீந்தாத குறையாக வந்து சேர்ந்தான்.

"இன்னா சாரு இது, இடுப்புக்கு மேல கீது! வண்டிய ஆறாவது தெரு முனைல நிறுத்திக்கினு வந்துகீறேன். அங்க ரோட்ல தண்ணியே நிக்கல, நம்பமாட்ட. யம்மா, பயப்படாத, சேர்ல குந்து, நாங்க தூக்கிகினு போயிடுறோம்."

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து ரெண்டு பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தெரு முனை வரை எப்படியோ போய்விட்டார்கள். அங்கேதான் மேலிருந்து வரும் புது வடிகால் திறந்துகொள்கிறது. தண்ணீர் அங்கே நிற்கவில்லை, ஓடியது. ரெண்டாவது அடியில் அழகேசனுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து ராஜகுமாரி தண்ணீருக்குள் போய்விட்டாள். உத்தமன்தான் முடியைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தான். அவள் இருமினாள், நடுங்கினாள், டயாலிசிஸ் ஊசி போடும் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். மூழ்கும்போதும் அந்தக் கையைத்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

"வேணாம் நைனா" என்றான் உத்தமன். அழுதுவிட்டான். "இன்னொரு தபா உட்டா அம்மா போயிடும். போட்டுக்குச் சொல்லுவோம்."

அவளை மாடி அறைக்கே திருப்பிக் கொண்டுபோய், போன் போட்டார்கள். படகு வரும் என்றார்கள். பல இடங்களில் தண்ணீர், வரிசையாக வருவோம் என்றார்கள். வரிசை என்ற சொல்லைக் கேட்டு அழகேசன் போனைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, "எங்களை முதல்ல எடுங்க, தயவுசெஞ்சு முதல்ல எடுங்க" என்று கத்தினார். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், பாவம், சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று அந்தப் பெண்ணிடம் எத்தனை பேர் அதையே கத்தினார்களோ.

அந்த ஓட்டத்தைக் கடந்து அவளைத் தூக்கிப்போக யாரும் துணியவில்லை. சனிக்கிழமை போனது. சார்ட்டில் முதல் காலிக் கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஜகுமாரியால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரோடு தலையணையை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. அந்த அறை ஜன்னலிலிருந்து ஆறாவது தெரு தெரியும். மழை விட்ட இடைவெளியில் ஒரு பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆறாவது தெருவுல தண்ணியே இல்ல" என்றாள் ராஜகுமாரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"பேசாத குமாரி."

"நல்லா கட்டியிருக்கீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகவே பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் முகம், அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தாகமா இருக்கு" என்றாள். அரை லிட்டரெல்லாம் முந்தின நாளே முடிந்திருந்தது. அவர் ஈரத் துணியால் அவள் உதட்டைத் துடைத்தார். வெளியே ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் நின்றது. உள்ளே அவளுக்கு ஒரு டம்ளர் கொடுக்க முடியவில்லை.

"அடுத்த வருஷம் பிளான் போடும்போது" என்று ஆரம்பித்தாள். மூச்சு போதவில்லை. மேலே சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படகு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மெஷினைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜனவரி ரெண்டாவது வாரம் கமிட்டிக் கூட்டம். அழகேசன் வரமாட்டார் என்றுதான் நினைத்தார்கள். வந்தார். அதே ரெக்ஸின் பை, வெள்ளைச் சட்டை, அதன் அடியில் சேற்றுக் கறை போகவே இல்லை. சுவரில் சார்ட் அப்படியே தொங்கியது. சிவப்பு நூல் டிசம்பர் முதல் வாரத்தில் நின்றிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

கஸ்தூரி எழுந்து ஒரு நிமிஷம் மௌனம் என்றாள். பிறகு முதல் தெருவிலிருந்து ஆறாவது தெரு வரை எல்லோரும் சேர்ந்து வாங்கிய சால்வையைக் கொண்டுவந்தார்கள். நல்ல மனதோடுதான். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவர்களில் பலர் வீட்டுக்குள் தண்ணீர் வராத டிசம்பர். பாண்டியன்தான் சால்வையைப் போர்த்தினான். "ரெண்டாவது தெருவுல ஒரு சொட்டு நிக்கல சார். எங்கம்மா உங்களக் கும்பிடறாங்க" என்றான்.

கஸ்தூரி தீர்மானத்தைப் படித்தாள். "தன் குடும்பத்தின் தேவையைப் பொருட்படுத்தாமல், பெருந்தன்மையோடு தன் தெருவைக் கடைசியில் வைத்த உறுப்பினர் திரு. அழகேசன் அவர்களுக்கு இக்கமிட்டி நன்றியும் இரங்கலும் தெரிவிக்கிறது."

"அத மாத்தணும் மேடம்" என்றார் அழகேசன்.

அவர் சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். பையிலிருந்து சுருட்டிய தாளை எடுத்து மேசையில் விரித்தார். தண்ணீரில் ஊறிக் காய்ந்து ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. ஆனால் பென்சில் எழுத்து அழியவில்லை. ஏப்ரல் கட்டத்தில் ஏழாவது தெரு. ஜனவரி கட்டத்தில் முதல் தெரு. மூலையில் தேதி, போன மார்ச்.

"இது கூட்டத்துக்கு முந்தின நாள் போட்டது. என் வீட்டம்மா ஸ்கேல் பிடிச்சாங்க. அன்னிக்கி இது என் பைக்குள்ளதான் இருந்துச்சு. எடுக்க வந்தேன். எடுக்கல."

அகல்யா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து தாளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நான்தான் சார் தப்பு பண்ணேன்" என்றாள் கஸ்தூரி. "உங்க வீட்டம்மாவப் பத்தி நான் அப்படி எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்க சொன்னது நியாயம் மேடம். அவ சீக்காளி, அவளுக்காகவும் அந்த வேலை முதல்ல நடந்திருக்கணும். ஏழாவது தெருவுல இருக்கற எல்லாருக்காகவும் நடந்திருக்கணும். செப்டம்பர்ல மறுபடியும் கேட்டீங்க. அப்பவும் வேண்டாம்னேன். யாராவது ஏதாவது சொல்லுவாங்களேன்னு." அவர் நிறுத்தினார். பிறகு சின்னக் குரலில் சொன்னார். "பெருந்தன்மை இல்ல மேடம். பயம். அத எழுதுங்க."

"அதெல்லாம் மினிட்ஸ்ல எப்படி சார் எழுத முடியும்..."

"எழுதணும். இனிமே ஒருத்தன் வந்து என் தெரு கடைசில இருக்கட்டும்னு சொன்னா, கை தட்டாதீங்க. ஏன்னு கேளுங்க. அவன் பைய வாங்கிப் பாருங்க."

கஸ்தூரி முகத்தை மூடிக்கொண்டாள். அகல்யா திரும்பிப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். பிறகு அடித்தாள். அழகேசன் நின்றபடியே காத்திருந்தார்.

"என்ன அடிச்சிருக்கேம்மா? படி."

"வடிகால் பணியை ஏழாவது தெருவில் தொடங்கவேண்டும் என்பது உறுப்பினர் அழகேசனுக்குத் தெரியும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அதை அவர் கடைசியில் வைத்தார்." அகல்யா நிறுத்தினாள். "போதுமா அங்கிள்?"

"அதனால ராஜகுமாரி செத்தாள்னு சேத்துக்க."

அகல்யா அதையும் அடித்தாள். சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

அழகேசன் சுவரருகே போய்க் குண்டூசியைப் பிடுங்கி, சிவப்பு நூலை அந்த வாரத்துக்கு நகர்த்தினார். அடுத்த திங்கட்கிழமை ஏழாவது தெருவில் வேலை தொடங்கவேண்டும் என்று சார்ட் சொன்னது. கான்ட்ராக்டர் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்து அவர் வாசலில் கம்பிகளை இறக்கிவிட்டுப் போனார்கள்.